கொல்லையில் நடக்கும் சத்தம்

786
மீனாட்சிபுரம்
12-12-1956

அன்புத் தங்கச்சி பாத்துவுக்கு அக்கா கௌலத் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் காவலில் நானும் உன் மச்சானும் இருக்கிறோம். நீயும் உன் மாப்பிள்ளை பரீதும் பிள்ளைகளும் அந்த மலைக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று எழுது.

நீ கொடுத்தனுப்பிய ஏலக்காய் வந்தது. டப்பாவைத் திறந்தேன், வாசம் வந்ததும் மூடிவிட்டேன். சைனுதீன் இருந்திருந்தால் தேத்தண்ணியில் போடச் சொல்லி அடுக்களையிலேயே நின்றிருப்பான். விஷக்காய்ச்சல் என் ஒரே பிள்ளையைக் கொண்டுபோய் ஐந்து மாசம் ஆகப்போகிறது. அவன் சட்டையை இன்னும் துவைக்கவில்லை.

உன் மச்சானைப் பற்றி எழுத வேண்டும். கபுறில் மண் தள்ளும்போதுகூட அவர் கண் கலங்கவில்லை என்று ஆண்கள் வந்து சொன்னார்கள். அது எனக்கு முள்ளாகக் கிடந்தது. இப்போது அந்த முள் இல்லை. ராத்திரியில் எழுந்து கொல்லைக்குப் போகிறார். அங்கேயே நடக்கிறார். நடந்து நடந்து தொண்டையைச் செருமுகிறார். ஆம்பிளை, வாய்விட்டு அழ முடியாதே. வந்து படுப்பார், கண் அயர்வதற்குள் மறுபடி எழுந்து போவார். விடிகிற வரைக்கும் இதே கதை. நான் தூங்குகிற மாதிரி கிடப்பேன். சொன்னால் தப்பாக நினைக்காதே, அந்தச் சத்தம் எனக்கு ஆறுதலாக இருக்கிறது. பிள்ளைக்காக இந்த வீட்டில் நான் ஒருத்தி மட்டும் விழித்துக் கிடக்கவில்லை.

ஆனால் பகலில் மனுஷன் நடைப்பிணம். கடையில் தவிட்டு மூட்டை மேலேயே சாய்ந்து தூங்கிவிடுகிறார். போன வாரம் ஒரு மாடு வந்து பருத்திக்கொட்டைச் சாக்கில் தலையை விட்டுவிட்டது. பால்காரி காளியாத்தாள்தான் சத்தம் போட்டாளாம்: "ஏனுங் ராவுத்தரே, மாடு ஏவாரம் பண்ணுது, நீங்க படுத்துத் தூங்கறீங்களே!"

என் பிள்ளைக்காகத் துஆ கேள். பிள்ளைகளுக்கு முத்தம்.

வஸ்ஸலாம்,
கௌலத்


786
போடிமெட்டு
3-1-1957

என் அருமை அக்காவுக்கு பாத்து சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். சின்னவளுக்கு மூக்கு ஒழுகுகிறது, அது இந்த ஊர் வாசிகளுக்கு வியாதியில் சேர்த்தி இல்லை.

உன் கடிதம் வந்து சேர்ந்ததே பெரிசு. தபால்காரர் சூசையப்பன் பனியில் சறுக்கி விழுந்து பையோடு ஓடையில் நனைந்துவிட்டார். "வெயில்ல காயப்போட்டுப் படிங்க தாயி"ன்னு கொடுத்துட்டுப் போறார். இங்கே வெயில் எங்கே இருக்கு? அடுப்புக்கு மேலே பிடித்துக் காயவைத்துப் படித்தேன். படித்துவிட்டு அழுதேன். சைனு போன வருஷம் இங்கே வந்து கடையில் உட்கார்ந்து தோட்டத்து ஆட்களுக்கு எடை போட்டது கண்ணிலேயே நிற்கிறது.

அக்கா, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மச்சான் ராத்திரி தண்ணீர் குடிக்கிறாரா, குறைத்துவிட்டாரா? வந்து படுத்த உடனேயே திரும்பவும் ஏன் எழுந்து போக வேண்டும்? பையன் போவதற்கு முன்னாலேயே இப்படி எழுந்திருப்பாரா? இதற்கு மட்டும் மறக்காமல் பதில் எழுது. ஏன் கேட்கிறேன் என்று அப்புறம் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கஞ்சியாவது நேரத்துக்குக் குடி.

உன் தங்கை,
பாத்து


786
மீனாட்சிபுரம்
25-1-1957

தங்கச்சி பாத்துவுக்கு சலாம். ஆண்டவன் கிருபையில் மூச்சு ஓடுகிறது. சின்னவளுக்கு மூக்கு நின்றதா?

இங்கே ஊர் வாய் திறந்துவிட்டது. உன் மச்சான் பள்ளிவாசலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். முதலில் விடிகாலை ஃபஜர் தொழுகைக்கு மட்டும் போகவில்லை, தூக்கமில்லாத மனுஷன் என்று இருந்தேன். இப்போது ஜும்மாவுக்கும் போவதில்லை. மகனை எடுத்துக்கொண்டான் என்று உதுமான் ராவுத்தர் அல்லாவிடம் கோபித்துக்கொண்டார் என்று பேசுகிறார்கள். பள்ளிவாசல் மோதினார் கடைக்கே வந்து, "ராவுத்தரே, புள்ளய எடுத்தது அல்லா. பள்ளியில அல்லா மட்டுமா இருக்கான், நாங்களும்தான் இருக்கோம். எங்க மேல என்ன கோவம்?" என்று கேட்டாராம். இவர், "தவிடு எத்தன படி வேணும்?" என்று கேட்டாராம்.

போன வெள்ளி இரவில் சாம்பிராணி போட்டு, சோறு ஆக்கி வைத்து, சைனுவுக்கு ஒரு யாசீன் ஓதுங்கள் என்று கூப்பிட்டேன். வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. "நீயே ஓது" என்றார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "பெத்த புள்ளைக்கு ஒரு யாசீன் ஓதக் கசக்குதா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவர் குனிந்து தன் கைலியைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். இப்போதெல்லாம் அடிக்கடி கைலி மாற்றுகிறார். தானே கிணற்றடியில் அலசிக்கொள்கிறார், என்னைத் தொட விடுவதில்லை.

பக்ரீது கழிந்த வாரம் வருஷ ஃபாத்திஹா வரும். அன்றைக்குத் தகப்பன் உட்கார்ந்து ஓத வேண்டும். உட்காராவிட்டால் ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். என் பிள்ளைக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அது ஒன்று நடந்தால் போதும் எனக்கு.

துஆ செய்.
கௌலத்


786
போடிமெட்டு
10-2-1957

அக்காவுக்கு சலாம். இங்கே எல்லோரும் நலம்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. வெட்கத்தை விட்டு நானே எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

எங்கள் மாமனாருக்குக் கடைசி காலத்தில் இப்படித்தான் இருந்தது. ராத்திரி பூராவும் எழுந்து எழுந்து ஒன்றுக்குப் போவார். போனால் வராது. வந்தால் நிற்காது. ஆம்பிளைகள் ஒன்றுக்குப் போனால் மண்கட்டியால் துடைத்து, நாலு அடி நடந்து, செருமி, மிச்சச் சொட்டு வந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதானே தண்ணீர் தொடுவார்கள்? உடுப்பில் சொட்டு பட்டால் தொழக் கூடாது என்று எத்தனை தடவை நம் அத்தா சொல்லிக் கேட்டிருக்கிறோம். மாமனாருக்கு அந்தச் சொட்டு நிற்கவே நிற்காது. நடந்துகொண்டே இருப்பார், செருமிக்கொண்டே இருப்பார். படுத்தால் மறுபடியும் முட்டும். பகலெல்லாம் கோழி மாதிரி தூங்கி விழுவார். தொழுகை விட்டுப்போனது. நாங்களும் வயசாகி புத்தி கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தோம்.

மச்சான் அழுகிறவர் இல்லை அக்கா. உன் கொல்லையில் மண்கட்டி கிடக்கிறதா என்று போய்ப் பார்.

பாத்து


786
மீனாட்சிபுரம்
18-3-1957

பாத்துவுக்கு சலாம். உன் கடிதத்தை எரித்துவிட்டேன். பதில் எழுத இத்தனை நாள் கை வரவில்லை.

பார்த்தேன். சாணிக் குழிக்குப் பின்னால், எலுமிச்சைச் செடி மறைவில் ஒரு கூடை. பக்கத்துக் குப்பண்ணன் தோட்டத்திலிருந்து காய்ந்த மண்கட்டி பொறுக்கிக்கொண்டு வந்து வைத்திருக்கிறார். செடிக்குப் போட என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார். செடியைச் சுற்றி துடைத்து எறிந்த கட்டிகள் குவிந்து கிடக்கின்றன.

எனக்கு இது தெரியாதா? தெரியும். அத்தா நடந்ததை நானும் பார்த்தவள்தான். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் ஒருத்தர் இருட்டில் நடந்தால் அதை எப்படி அப்படி நினைப்பேன்? நினைக்க எனக்கு இஷ்டமும் இல்லை. அழுகை என்று வைத்துக்கொண்டு அதன்மேல் சாய்ந்து கிடந்தேன். இப்போது அந்தச் சத்தம் கேட்டால் உடம்பெல்லாம் எரிகிறது. மூத்திரத்துக்கு நடக்கிற மனுஷனோடு சேர்ந்தா நான் பிள்ளைக்காக அழுதுகொண்டிருந்தேன்? வெட்கமாக இருக்கிறது. அவருக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை.

அவருக்கும் தெரியும், நான் என்ன நினைத்திருந்தேன் என்று. மார்கழியில் ஒருநாள் அவர் உள்ளே வந்தபோது, "அழுதது போதும், கொஞ்சம் தூங்குங்க" என்றேன். "ம்" என்றார். அந்த ஒரு "ம்"மை என்னால் மறக்க முடியவில்லை. அழுகிறவன் என்று பேர் வாங்குவது இதைவிட மரியாதை என்று நினைத்திருக்கிறார், பாவம்.

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அந்த மனுஷன் என் முகத்தில் எப்படி விழிப்பார்? நீயும் யாரிடமும் மூச்சு விடாதே. உன் மாப்பிள்ளையிடம்கூட. சத்தியம் வாங்கிக்கொண்டதாக நினைத்துக்கொள்.

கௌலத்


786
போடிமெட்டு
2-4-1957

அக்காவுக்கு ரமலான் சலாம். நோன்பு பிடித்துவிட்டோம். இந்தக் குளிரில் பசிதான் அதிகம், தாகம் இல்லை. உனக்கு அங்கே வெயில் கொளுத்தும். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு மோர் குடி.

உன் தம்பி மாதிரி இருக்கிற பரீது சரக்கு எடுக்கப் பொள்ளாச்சி வருகிறார். உங்கள் வீட்டில் ஒருநாள் நோன்பு திறந்துவிட்டு வருவார். அவருக்கு உன் கையால் நோன்புக் கஞ்சி காய்ச்சிக் கொடு.

வேறு ஒன்றும் இல்லை.

பாத்து


மீனாட்சிபுரம்
20-4-1957

பாத்துவுக்கு.

உன் மாப்பிள்ளை வந்தார். கஞ்சி குடித்தார். பிறகு உன் மச்சானைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், "மச்சான், எங்க அத்தாவுக்கு இருந்த கோளாறு உங்களுக்கும் இருக்குன்னு அக்கா எழுதியிருந்தாங்க. டாக்டரப் பாத்துருவோம்" என்று சொன்னாராம். அக்கா எழுதியிருந்தாங்க!

மனுஷன் உள்ளே வந்து பாயைச் சுருட்டினார். "ஊரெல்லாம் எழுதித் தபால்ல போட்டுட்டயா? போடிமெட்டுல தபால்காரனுக்கும் படிச்சுக் காட்டினாளா உந் தங்கச்சி?" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து கடையில் படுக்கிறார். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பினால் திரும்பி வருகிறது. தராவீஹ் தொழுகைக்கு ஊரே போகிறது, இவர் கடைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடக்கிறார். பெண்டுகள் என்னிடம் வந்து, "உங்க மாப்ள உங்களையும் விட்டுட்டாரா?" என்று கேட்கிறார்கள்.

பிள்ளையும் போய், இருந்த ஒரு மனுஷனையும் வெட்கப்படுத்தி வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டேன். இனி அவர் எங்கே ஃபாத்திஹாவுக்கு உட்காரப் போகிறார்? நீ நல்லா இரு. இனிக் கடிதம் போடாதே.

கௌலத்


786
போடிமெட்டு
5-5-1957

அக்காவுக்கு பெருநாள் சலாம். நீ போடாதே என்றாய், போடுகிறேன். படிக்காமல் கிழித்தாலும் சரி.

நான் சத்தியத்தை மீறினேன். உனக்கு ஒன்றை மறைத்துத்தான் அன்றைக்கு எழுதினேன். எங்கள் மாமனார் காய்ச்சலில் மௌத்தானார் என்றுதானே உங்களுக்கெல்லாம் சொன்னோம்? காய்ச்சல் இல்லை. ஒருநாள் மூத்திரம் அடைத்துக்கொண்டது. வயிறு பானை மாதிரி ஆகிவிட்டது. ஆசுபத்திரிக்கு வர மாட்டேன், அங்கே நர்சுகள் எல்லாம் பெண்டுகள் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டார். என் மாப்பிள்ளை கெஞ்சினார். மலை இறக்கிப் போடிக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்துவிட்டது. டாக்டர் இவரைப் பார்த்து, "முன்னமே வந்திருந்தா குழாய் போட்டு எடுத்திருப்பேனே, எதுக்கு மறைச்சீங்க?" என்றாராம். இவர் அந்தப் பேச்சை இன்னும் தூக்கத்தில் சொல்கிறார். அவரிடம் நான் எப்படிச் சொல்லாமல் இருப்பேன்?

மன்னிக்க வேண்டாம். மச்சானுக்கு அடைத்துக்கொண்டால் மட்டும் ஒரு நிமிஷம் தாமதிக்காதே.

பாத்து


போடிமெட்டு
22-5-1957

அக்காவுக்கு சலாம். இந்தக் கார்டு கிடைத்தால் ஒரு வரி போடு. திட்டியாவது போடு. சூசையப்பன் என்னைக் கண்டாலே தூரத்திலிருந்து தலையாட்டிவிட்டுப் போகிறார், எனக்கு ஒன்றும் இல்லையாம்.

பாத்து


786
கோயம்புத்தூர்
பெரிய ஆசுபத்திரி
4-6-1957

தங்கச்சி பாத்துவுக்கு அக்காவின் சலாம். பயப்படாதே. உன் மச்சான் உயிரோடு இருக்கிறார். இதை ஆசுபத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ எழுதியபடியே ஆயிற்று. பட்டப்பகலில் கடையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "கௌலத்து, என்னால முடியல" என்றார். நோன்புக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். வயிற்றைத் தொட்டேன், கல்லாக இருந்தது. நான் தெருவுக்கு ஓடினேன், தலையில் முக்காடு இருந்ததா என்றுகூடத் தெரியாது. குப்பண்ணன் ஜீப்பை எடுத்தார். வண்டியில் என் மடியில் கிடந்துகொண்டு, "எல்லாரும் பாக்கறாங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்றே புலம்பினார். பொள்ளாச்சியில் டாக்டர் என்ன என்று கேட்கிறார், இவர் வாய் திறக்கவில்லை. அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் நான்தான், "அவருக்கு ஒண்ணுக்குப் போகலைங்க, ரொம்ப நாளாவே கோளாறுங்க" என்று கத்தினேன். எங்கிருந்து குரல் வந்ததோ. குழாய் போட்டு எடுத்தார்கள். இவருக்குக் கண்ணிலிருந்தும் வந்தது, வலி போன நிம்மதியில்.

அங்கிருந்து இங்கே அனுப்பி ஆபரேஷன் ஆகிவிட்டது. மூத்திரப்பைக்குக் கீழே கொட்டைப்பாக்கு மாதிரி ஒன்று எல்லா ஆம்பிளைக்கும் உண்டாம். வயசானால் சிலருக்கு அது வீங்கி வழியை நெருக்கிவிடுமாம். பை ஒருநாளும் முழுசாகக் காலியாவதில்லை, அதனால்தான் படுத்ததும் மறுபடி முட்டுகிறது என்றார் டாக்டர். "ரெண்டு வருஷமா இந்த மனுஷன் ஒரு ராத்திரிகூடச் சேர்ந்தாப்பல தூங்கியிருக்க மாட்டாரும்மா, நீங்க பக்கத்துலதான படுத்திருந்தீங்க?" என்று கேட்டார். ரெண்டு வருஷம், பாத்து. சைனு இருக்கும்போதே. படுத்ததும் செத்த மாதிரி தூங்குகிறவள் நான். பிள்ளை போன பிறகுதான் விழிக்கவே ஆரம்பித்தேன்.

இந்த வார்டில் பாதிப் பேருக்கு இதே வியாதி. கட்டிலுக்குக் கட்டில் குழாயும் பாட்டிலும் தொங்குகிறது. எனக்கு முதல் நாள் தலை நிமிர முடியவில்லை. அடுத்த கட்டிலில் பொங்கியண்ணன் என்று ஒரு பண்ணையக்காரர். காலையில் கண் விழித்ததும் சத்தமாகக் கேட்கிறார்: "ஏனுங் ராவுத்தரே, உங்க வாய்க்கால்ல தண்ணி பாயுதுங்களா? எனக்கு மடை இன்னும் தொறக்கலீங்." வார்டே சிரிக்கிறது. உன் மச்சான் போர்வையை முகத்தில் போட்டுக்கொண்டார். போர்வை குலுங்கியது. அழுகிறாரோ என்று விலக்கினேன். சிரிக்கிறார்.

உன் மாப்பிள்ளைக்கு என் சலாம் சொல். அவர் முகத்தில் விழிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கௌலத்


786
போடிமெட்டு
16-6-1957

அக்காவுக்கு சலாம். கடிதத்தைப் படித்துவிட்டு இவர் கடையை அரை நாள் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். வியாபாரம் போனதே என்று நான் கேட்கவில்லை.

மச்சானிடம் நாங்கள் விசாரித்ததாகச் சொல். எதைப் பற்றி என்று சொல்ல வேண்டாம். மழை பிடித்துவிட்டது, பாதையில் மண் சரிந்து பஸ் இல்லை. ஃபாத்திஹாவுக்கு நாங்கள் வர முடியாது போலிருக்கிறது. யார் உட்கார்ந்தார்கள், யார் ஓதினார்கள் என்று ஒன்று விடாமல் எழுது.

பாத்து


786
மீனாட்சிபுரம்
21-7-1957

என் தங்கச்சிக்கு, எல்லாம் வல்லவன் உங்களையும் அந்த மழையையும் பத்திரமாக வைத்திருக்கட்டும். அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் மச்சான் தேறிவிட்டார். படுத்தால் பாங்குச் சத்தத்துக்குத்தான் எழுகிறார். கடையில் தூங்குவதில்லை.

நேற்று மோதினார் கடைக்கு வந்து தவிடு கேட்டாராம். அவர் வீட்டில் மாடே கிடையாது. அளந்து போட்ட பிறகும் போகாமல் நின்று, தொண்டையைக் கனைத்து, "அந்தக் கோயமுத்தூர் டாக்டரு எந்தெந்தக் கிழமை பாப்பாரு?" என்று கேட்டாராம். இவர் சிரிக்காமல் கிழமையைச் சொல்லிவிட்டு, தவிட்டைத் திரும்பக் கொட்டிக்கொண்டாராம்.

அவர் ஏன் கேட்டார் என்றால் ஃபாத்திஹா அன்று நடந்தது அப்படி. ஆண்கள் கூடத்தில், நாங்கள் திரைக்கு இந்தப்புறம். பள்ளிவாசல் அசரத்து ஓத ஆரம்பிக்கப் போகும்போது உன் மச்சான், "மார்க்கத்துல எனக்கொரு சந்தேகம், மொதல்ல அதக் கேட்டுக்கறேன்" என்றார். அவர் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டார்:

"எனக்கு ரெண்டு வருஷமா மூத்திரக் கோளாறு. வர வரச் சொட்டு நிக்காமப் போச்சு. உடுப்பு சுத்தமில்லாம எப்படிப் பள்ளிக்கு வர்றது? எம் புள்ளைக்கு யாசீன்கூட ஓதல. அல்லாகிட்டக் கோவம்னு நீங்க பேசினீங்க. அப்படியே இருக்கட்டும்னு விட்டேன். இப்ப விட்ட தொழுகைக்கெல்லாம் என்ன பண்றது?"

என் பக்கத்தில் இருந்த பெண்டுகள் என்னைப் பார்த்தார்கள். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டேன். அசரத்து சொன்னார்: "வியாதிக்காரனுக்கு மார்க்கம் கதவச் சாத்தல ராவுத்தரே. அந்தந்த வேளைக்குப் புதுசாக் கை கால் கழுவி ஒளு எடுத்துத் தொழுதிருக்கலாம். அப்புறம் சொட்டினா சொட்டட்டும், அது உங்க குத்தமில்ல. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"அந்த ஒரு வார்த்ததான் அசரத்து வாயில வரல."

"சரி. விட்டதக் களாவாத் தொழுதுக்குங்க. இப்ப உங்க புள்ளைக்கு நீங்களே ஓதுங்க."

ஓதினார். நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை, தட்டித் தடவித்தான் ஓதினார். நடுவில் நிறுத்தினார். மறந்துவிட்டார் என்று அசரத்து அடுத்த சொல்லை எடுத்துக்கொடுத்தார். அதையும் சொல்லவில்லை. பிறகு திரைக்கு அந்தப்புறம் ஒரு சத்தம் வந்தது. யாருக்கோ மூச்சு முட்டுகிறது என்று நினைத்தேன். கல்யாணம் ஆகி இத்தனை காலத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை, எனக்கு எப்படி அடையாளம் தெரியும்? அந்தப்புறம் யாரோ, "அழட்டும், விடுங்க" என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. "சைனு, சைனு" என்று வாய்விட்டு, சின்னப் பிள்ளை மாதிரி, அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில்.

பெண்டுகள் எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. என்ன தோன்றியது என்று எழுதக் கூசுகிறது. பிள்ளையின் ஃபாத்திஹாவில் ஒரு தாய்க்கு வரக்கூடாதது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பாத்து.

உன் அக்கா,
கௌலத்